கார்தான் கூப்பிட்டது

"அழுவாத சாமி, மாமன் வாரேன்" என்றது எங்கள் கார்.

சத்தியமாகச் சொல்கிறேன், உள்ளே நானும் என் மகள் தனப்பிரியாவும் மட்டும்தான் இருந்தோம். நாமக்கல்லில் ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு, அம்மாபேட்டையில் கல்யாணப் பட்டு எடுக்கச் சேலம் போய்க்கொண்டிருந்தோம். பனமரத்துப்பட்டிப் பிரிவுக்குப் பக்கத்தில் வரும்போது பாட்டு தானாக நின்றது. அந்தக் காரில் சனிக்கிழமையானால் இப்படித்தான், பாட்டு நிற்கும், கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வரும். அழுதுகொண்டிருந்த தனப்பிரியா மூக்கை உறிஞ்சியபடி திரையைத் தடவிச் சத்தத்தைக் கூட்டினாள். பாட்டு வரவில்லை. என் அண்ணன் சென்னிமலையின் குரல் வந்தது.

நானும் அவரும் பேசி நாலு வருடம் ஆகிறது. அப்படிப்பட்ட மனிதர் என் காருக்குள், நாலு மூலை ஸ்பீக்கரிலும் வந்து "மாமன் வாரேன்" என்றால் எனக்கு எப்படி இருக்கும்? ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்ததே பெரிது. வண்டியை ஓரம் கட்டினேன்.

"யாரைக் கேட்டு எங்க காருக்குள்ள பேசறே?" என்றேன்.

"நீதான அம்மிணி கூப்ட்டே?"

"நானு எதுக்கு உன்னைக் கூப்புடறேன்? எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது?"

"பின்ன போனு தானா வந்துச்சா?"

"காரு கூப்ட்டிருக்கும்!"

அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "காரு கூப்ட்டுச்சாமா! இங்க பாரு புள்ள, நீ கூப்ட்டதுன்னா நான் தனப்பிரியா கல்யாணத்துக்கு வாரேன். காருதான் கூப்ட்டுச்சுன்னா, உன்ற காருக்குக் கல்யாணம் வெக்கறப்பச் சொல்லு, அதுக்கு வாரேன்."

"போனை வைய்யி!"

"கூப்ட்டவ நீ. நீயே வைய்யி."

வைக்கலாம் என்று ஸ்டியரிங்கில் இருந்த போன் குறியைத் தொட்டேன். வைக்கவில்லை, சத்தம்தான் கூடியது. இன்னொன்றைத் தொட்டேன். வைப்பர் ஓடியது. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கறகறவென்று இழுக்க, நாலு பக்கமும் என் அண்ணன் கெக்கெக்கே என்று சிரிக்க, ரோட்டில் போகிற லாரிக்காரன் எல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு போனான். கடைசியில் கார் முழுவதையும் அணைத்துத்தான் அவர் வாயை மூட வேண்டியிருந்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பேர் சௌந்திரம். எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறோம். டிராக்டர், தீவன வண்டி, முட்டை வண்டி, எதைக் கொடுத்தாலும் ஓட்டுவேன். என் வீட்டுக்காரர் நவநீதகிருஷ்ணன் வாய் திறந்து பேசுவது அமாவாசைக்கு ஒரு தரம், பௌர்ணமிக்கு ஒரு தரம். ஆனால் போன வருடம் திடீரென்று இந்த மின்சாரக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, சாவிக்குப் பதில் ஒரு அட்டையை என் கையில் கொடுத்து, "ஓட்டு" என்றார். வெளிநாட்டுக் கம்பெனி, பெரிய வண்டி. சத்தமே கிடையாது. பூனை கூட அதைவிடச் சத்தமாக நடக்கும். ஸ்டியரிங்கில் அழுத்துகிற பட்டனே இல்லை, வழவழவென்று கண்ணாடி மாதிரி இரண்டு பக்கமும் ஒரு பட்டை, விரலை வைத்தால் போதும். 'பொம்பளைக்கு எதுக்கு இத்தனை பெரிய காரு' என்று ஒறம்பரையில், சொந்தபந்தத்தில், நாலு பேர் பேசினார்கள். பேசட்டும். அவர்கள் வீட்டுச் சாணி டிராக்டரை ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவர்கள் அவர்கள்.

அண்ணனோடு சண்டை எதற்கு என்று கேட்பீர்கள். சொத்துக்கில்லை. எங்கள் அப்பா இருக்கும்போதே அதையெல்லாம் நேர் செய்துவிட்டார். அண்ணன் திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டி வைத்திருக்கிறார், போர் என்கிற ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி. அவர் புது வீடு கட்டினார். புதுமனைக்கு அழைப்பு எனக்கு எப்படி வந்தது தெரியுமா? வாட்ஸ்அப்பில்! ஒரு பத்திரிகைப் படம், அதற்குக் கீழே கைகூப்புகிற பொம்மை ஒன்று. கூடப் பிறந்தவள், ஒரே தங்கச்சி. நேரில் வந்து, வெற்றிலை பாக்குத் தட்டு நீட்டி, 'அம்மிணி, நீ வந்து பால் காய்ச்சோணும்' என்று கூப்பிட வேண்டாமா? கேட்டால், மகாராஷ்டிராவில் போர் ஓடிக்கொண்டிருந்ததாம், பாதியில் விட்டுவிட்டு வர முடியாதாம். ஓடுகிற போரை நிறுத்தினால் துளை மூடிக்கொள்ளும், குழாய் மாட்டிக்கொள்ளும், எனக்கும் தெரியும். அதற்காகத் தங்கச்சிக்குப் பொம்மையா அனுப்புவது? நான் போகவில்லை. 'பொறந்தவ வராத ஊட்டுல பால் பொங்குனா என்ன, பொங்காட்டி என்ன' என்று அவர் சபையில் சொன்னாராம். அன்றோடு சரி. 'அவளாக் கூப்ட்டாத்தான் பேசுவேன்' என்று அவர், 'அவராக் கூப்ட்டாத்தான் பேசுவேன்' என்று நான். ஒரே அப்பன் ரத்தம், பிடித்தால் உடும்புப்பிடி.

இப்போது தனப்பிரியாவுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டித்தான் பெண் மேடை ஏற வேண்டும். மாமன் முறைக்கு ஆள் பிடிக்கலாம், சித்தப்பன் பெரியப்பன் மகன் யாராவது நிற்பான். ஆனால் அவளைச் சின்ன வயதில் தோளில் தூக்கிக்கொண்டு திருச்செங்கோட்டு மலைப்படி அத்தனையும் ஏறியவர் என் அண்ணன். "மாமா வராம நான் மேடையேற மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குக் காரில் அழுததும் இதற்குத்தான். நான் என்ன சொன்னேன்? "உன்ற மாமனுக்கு நம்ம மேல பாசமிருந்தா அவரே வந்திருப்பாரு, அவருக்கு ரிக்குதான் ஒறவு" என்றேன். அதற்கு ஓவென்று அழுதாள். அப்போதுதான் கார் பேசியது.

ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? திங்கட்கிழமைக்குள் ஒறம்பரை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சௌந்திரம் இறங்கி வந்துவிட்டாளாம். அவளே அண்ணனுக்குப் போன் போட்டு அழுதாளாம். தட்டு எடுத்துக்கொண்டு வந்தால் மாமன் சீர் செய்யத் தயாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்குக் கோழிகளே முட்டையிடப் பயந்திருக்கும்.

"விட்டுரு" என்றார் என் வீட்டுக்காரர். அமாவாசைப் பேச்சு.

"என்னத்தை விடறது? கூப்புடாததைக் கூப்ட்டேன்னு ஊரே சொல்லுது!"

தனப்பிரியா என் முன்னால் வந்து நின்றாள். "அம்மா, யார் கூப்ட்டா என்னம்மா? நான்தான் கூப்ட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. மாமா வந்துருவாங்க. அவுங்களே வாரேன்னு சொல்லிட்டாங்க."

"பொய்யைச் சொல்லி ஒரு சீர் எனக்கு வேண்டாம். காருதான் கூப்ட்டுச்சு. அதை அவரு ஒத்துக்கோணும்."

"ஒத்துக்கிட்டா அவுங்க வர மாட்டாங்களே! காருதான் கூப்ட்டுச்சுன்னா வர மாட்டேன்னுதான சொன்னாங்க? என் கல்யாணத்தைவிட உனக்கு யார் கூப்ட்டாங்கறதா முக்கியம்?"

சுருக்கென்றது. ஆனாலும் நான் வாயை மூடிக்கொண்டேனே தவிர மனசு மாறவில்லை. நான் சொன்னது உண்மை, அது உண்மை என்று நான் நிரூபிக்க வேண்டும். அவர் வருகிறாரா இல்லையா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மகள் முகத்தைப் பார்க்காமல் சேலத்துக்கு வண்டியை விட்டேன்.

சேலம் சர்வீஸ் சென்டரில் ஜெனிட்டா என்று ஒரு பெண். கழுத்தில் சின்னச் சிலுவை, காலில் ஷூ, கையில் ஒரு டேப்லெட். ஸ்டியரிங்கைப் பார்த்தாள். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கத்தியால் பட்டையின் ஓரத்தை நெம்பினாள். உள்ளே வழித்து எடுத்து டிஷ்யூ பேப்பரில் வைத்தாள். செம்மண் நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ இருந்தது. மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தாள்.

"அம்மா, இது வெண்ணெயா?"

"வெண்ணெயும் செந்தூரமும்" என்றேன். "ஆஞ்சநேயர் கோயில் பிரசாதம். சனிக்கிழமை சனிக்கிழமை வண்டிக்கு வெப்பேன். முட்டை வண்டிக்கு வெக்கறேன், டிராக்டருக்கு வெக்கறேன், அதெல்லாம் ஓடலையா?"

"அதுல எல்லாம் ஸ்டியரிங் நடுவுல வெச்சிருப்பீங்க."

"இதுல நடுவுல கம்பெனிக்காரன் மார்க்கு இருக்குது. அதனால ரெண்டு பக்கமும் பொட்டு வெச்சேன். பார்க்க லட்சணமா இருந்துச்சு."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! "எங்க வீட்லயும் புது ஸ்கூட்டிக்கு வேளாங்கண்ணி எண்ணெய் வெச்சாங்கம்மா. ஆனா ஹெட்லைட்டு மேல" என்றாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். அது தொட்டால் வேலை செய்கிற பட்டை. வெயில் ஏற ஏற வெண்ணெய் உருகி ஓரமாக உள்ளே இறங்குகிறது. கார் அதை விரல் என்று நினைத்துக்கொள்கிறது. வலது பக்கம் சத்தம் தானாகக் குறைந்து ஒன்றுமில்லாமல் போகிறது. இடது பக்கம் போன் திறந்து, பெயர்கள் வந்து, முதலில் இருக்கிற பெயருக்குப் போன் போகிறது. போன் போகிற நேரம் பாட்டு நின்றுவிடுகிறது.

"உங்க போன்ல முதல் பேர் 'அண்ணன்'னு இருக்கும்மா. யாரு அது?"

"இருக்கறாரு ஒரு ஆளு" என்றேன். நாலு வருடமாக அந்தப் பெயரை ஏன் அழிக்கவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நேரமில்லை என்று சொல்லியிருப்பேன்.

"அப்படீன்னா இதுக்கு முன்னாடியும் போன் போயிருக்குமேம்மா?"

"போயிருந்தா அவரு சும்மா இருந்திருப்பாரா? அன்னைக்கே ஊரைக் கூட்டியிருப்பாரு. வாயை மூடிட்டு இருக்கற ஆளு இல்ல அவரு."

என் போனை எடுத்துப் பார்க்கலாமா என்றாள். அதில் என்ன இருக்கப் போகிறது? முட்டை வியாபாரி, தீவனக் கடை, கோழி டாக்டர் என்று நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும். வருவதை எடுத்துப் பேசுவதோடு சரி, பழசைப் புரட்டிப் பார்க்கிற வழக்கம் எனக்கில்லை. வேண்டாம் என்றேன். சுத்தம் செய்துவிடலாமா என்று கேட்டு, ஸ்டியரிங்கைக் கழற்ற ஆள் கூப்பிட்டாள்.

"தொடாத கண்ணு! இப்படியே இருக்கட்டும்" என்றேன். "நான் ஒருத்தர்கிட்டக் காட்டிப்போட்டு வாரேன். அப்புறம் நீ எப்படி வேணாச் சுத்தம் பண்ணு."

அந்தச் சனிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போய், கையில் விழுந்த வெண்ணெயையும் செந்தூரத்தையும் குழைத்து, இரண்டு பட்டையிலும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகவே பொட்டு வைத்தேன். ஆஞ்சநேயா, இன்றைக்கு மட்டும் இந்தக் கார் கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். திருச்செங்கோட்டு ரோட்டில் ஏறினேன். தனப்பிரியா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "நானும் வாரேன், நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டா வெலக்கி உட ஆள் வேணும்ல" என்று அவளாகத்தான் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் பாட்டை வைத்துக்கொண்டு, அண்ணன் முன்னால் என்ன சொல்ல வேண்டும் என்பதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அந்தப் புது வீட்டை அன்றுதான் பார்த்தேன். நல்ல வீடு. முன்னால் விசாலமான வாசல், ஒரு பக்கம் ரிக் வண்டி படுத்த வாக்கில் நிற்கிறது. அண்ணன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்து குழாய்களை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கார் வாசலுக்குள் வந்ததே அவருக்குத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதும் தற்செயலாகத் திரும்பியவர் துள்ளிக் குதித்துவிட்டார்.

"எப்ப வந்தே?"

"அதைப் பேச வரல. இங்க வா. வந்து பாரு."

முடி பாதி வெளுத்திருந்தது. மீசையும். சரி, வந்த வேலையைப் பார்ப்போம் என்று ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கினேன். இரண்டு கையையும் வெளியே நீட்டினேன்.

"பாத்துக்க. என்ற கை ரெண்டும் வெளியில இருக்குது. தனப்பிரியா, உன்ற கையையும் காட்டு. நாங்க எதையும் தொடல. இந்தக் காரு தானாப் போன் போடும். பாத்துப்போட்டு, யார் கூப்ட்டாங்கன்னு நீயே உன்ற வாயால சொல்லு."

அவர் சிரிக்கவில்லை. முகம் ஒரு மாதிரி ஆனது. "அதெல்லாம் எதுக்கு அம்மிணி, எறங்கி உள்ள வா" என்றார்.

"வர மாட்டேன். மொதல்ல இது முடியட்டும்."

"சொல்றேன்ல, எறங்கு."

"பயப்படறயா?"

வெயில் முன்கண்ணாடி வழியாக நேராக ஸ்டியரிங்கில் விழுந்தது. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. வேண்டாத நேரத்திலெல்லாம் போன் போடுகிற சனியன் வேண்டிய நேரத்தில் கம்மென்று கிடக்கிறது. எனக்கு வியர்த்தது. கையை வெளியே நீட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது? தனப்பிரியா மெதுவாக, "போதும்மா" என்றாள். அப்போது பாட்டு நின்றது. திரையின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

வீட்டுக்குள் போன் அடித்தது.

"கேட்டயா!" என்று நான் வாயெடுத்தேன். அதற்குள் உள்ளேயிருந்து நங்கையின் குரல் வந்தது. நங்கை என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன் பெண்டாட்டி. ராமாயி என்று பெயர். என் கார் சத்தமில்லாமல் வந்து வாசலில் நிற்பது அவளுக்குத் தெரியாது.

"ஏனுங்க! காரு கூப்புடுதுங்க! வெசயா ஓடியாங்க, நான் எடுத்துப்போடறேன்! பொறவு அம்மிணி பேசுனதுல பாதி போயிருச்சும்பீங்க!"

அண்ணன் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

நங்கை வெளியே வந்தாள். ஒரு கையில் போனைத் தட்டில் வைத்த மாதிரி ஏந்திக்கொண்டு, இன்னொரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் நுனிக்காலில் நடந்து வந்தாள். படியில் கால் வைத்தபோது என்னைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் காரின் பக்கத்தில் ஓடி வந்தாள். போனும் காரும் கிட்ட வந்ததும் கீ என்று ஒரு சத்தம் போட்டன. தனப்பிரியாதான் கையை நீட்டிப் போனை அணைத்தாள்.

"இது என்ன பழக்கம்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "எத்தனை நாளா?"

"நீ காரு வாங்குன நாள்ல இருந்துன்னு வெய்யி" என்றார் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு. "மொதல்ல நீதான் கூப்டறயோன்னு எடுத்தேன். எடுத்தா நீ பாட்டுக்குப் பேசிட்டிருக்கறே. முட்டை வெலை, கோழிக்குச் சளி, மாப்பள நல்லாச் சாப்பிடறது இல்லைன்னு. சரி, தெரியாம வந்திருக்குதுன்னு புரிஞ்சுது."

"புரிஞ்சா வெக்க வேண்டியதுதான?"

அதற்கு நங்கைதான் பதில் சொன்னாள். "சனிக்கெழமையானா இவுங்க காலையில எங்கயும் போறதில்ல அம்மிணி. போனைப் பக்கத்துல வெச்சுட்டு உக்காந்திருப்பாங்க. மூட்டு வலின்னு நீ சொன்ன அன்னைக்குச் சாப்பிடலை. தை மாசம் மகாராஷ்டிராவுல போர் ஓடுறப்பக் கூட, உன்ற காரு கூப்ட்டுச்சுன்னு மெசினை நிறுத்தச் சொல்லிப்போட்டுக் கேட்டாங்களாமா. சத்தத்துல உன்ற பேச்சுக் கேக்கலைன்னு."

ஓடுகிற போரை நிறுத்தினாரா? என் அண்ணனா? புதுமனைக்கு அழைக்க வருவதற்கு நிறுத்தாத போரை, நான் முட்டை விலை பேசுவதைக் கேட்க நிறுத்தினாரா? கதவைத் திறந்து இறங்கினேன். அழக் கூடாது என்றுதான் இறங்கினேன், இறங்கியதும் அழுதுவிட்டேன்.

"உன்னைத் திட்டியிருக்கறேனே" என்றேன். "வாரா வாரம் காருக்குள்ள உன்னைத்தான திட்டிட்டு வருவேன்."

"எல்லாம் கேட்டேன். பாதி நம்மப்பன் திட்டறாப்பலயே இருந்துச்சு."

"ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா?"

"பேசுனா நீ வெச்சிருவே" என்றார். "அன்னைக்குப் புள்ள அழுதுச்சு. வாய் தானா வந்திருச்சு. வந்ததும் வந்திருச்சு, அதையே சாக்கா வெச்சு நீ கூப்ட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டேன். இல்லாட்டி எந்த மூஞ்சியோட நான் வாரது? நீ என்னடான்னா காருதான் கூப்ட்டுச்சுன்னு சாட்சியோட வந்து நிக்கறே."

"தானாடாட்டியும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க" என்று நங்கை மூக்கைச் சிந்தினாள். தனப்பிரியா ஏற்கெனவே இறங்கிப் போய் மாமன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் கை முழுக்கக் குழாய் எண்ணெய்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வந்தது சண்டைக்கு. வெறுங்கையோடு வந்திருக்கிறேன். வெற்றிலை இல்லை, பாக்கு இல்லை, பத்திரிகை இல்லை. வாட்ஸ்அப்பில் அழைத்தார் என்று நாலு வருடம் முறுக்கிக்கொண்டவள், வெறும் வாயால் கல்யாணத்துக்கு அழைக்க முடியுமா?

"நங்கை, உங்க ஊட்டுல தட்டம் இருக்குதா?"

"இருக்குது அம்மிணி."

"வெத்தலை பாக்கு?"

"உன்ற அண்ணன் போடறதுதான் இருக்குது."

"எடுத்துட்டு வாங்க."

கொண்டுவந்தாள். அவர்கள் வீட்டுத் தட்டு, அவர் மென்று தின்ன வைத்திருந்த வெற்றிலை, கொட்டைப் பாக்கு. அதோடு தோட்டத்து வாழையில் நாலு பழம் சேர்த்து வைத்திருந்தாள். நான் அதை வாங்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அண்ணனும் நங்கையும் சேர்ந்து நிற்கச் சொல்லி, அவர்களுக்கு நேராக நீட்டினேன்.

"என்ற புள்ளைக்குக் கல்யாணம். தாய்மாமன் முன்னால நின்னு பட்டம் கட்டி நடத்திக் குடுக்கோணும். குடும்பத்தோட வரோணும். இப்ப நான் கூப்புடறேன். காரு இல்ல. நானு."

அண்ணன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். "வாரேன் சாமி" என்றார். அன்றைக்கு அவர்கள் வீட்டில் நங்கை என்னைத்தான் பால் காய்ச்ச விட்டாள். பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. யாரும் துடைக்கவில்லை.

திங்கட்கிழமை ஜெனிட்டா காரைச் சுத்தம் செய்து, பட்டை இரண்டையும் மாற்றிக் கொடுத்தாள். இனிமேல் வெண்ணெயைச் சக்கரத்துக்கு வைக்கச் சொன்னாள். வைக்கிறேன், சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது கார் யாரையும் கூப்பிடுவதில்லை.

அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். நாமக்கல் வரைக்கும் கூட வருவதாகச் சொல்லிப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கோயிலில் கும்பிட்டு முடிந்தது. சேலத்துக்கும் வருவதாகச் சொன்னார். வண்டி கிளம்பியது. கண்ணாடியில் பார்த்தேன். ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணா, கம்முனு வரே? நாலு வருசம் கழிச்சு ஒண்ணாப் போறோம், எதாச்சும் பேசு" என்றேன்.

"நீ பேசு அம்மிணி" என்றார். "எனக்குக் கேட்டுத்தான் பழக்கம்."

முன்னால் ரோடு மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு முட்டை விலையில் ஆரம்பித்தேன். சேலம் வரும்வரை நான் வாயை மூடவே இல்லை.